கருவாடு பொரித்த சனிக்கிழமை

கிரவீன் புறநகரில் மூன்றாவது கிழமையாக மழை பெய்துகொண்டிருந்தது. முதல் கிழமை எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள். பிறகு பேசவும் அலுத்துப்போனது. அலுமாரிக்குள் இருந்த தோல் சப்பாத்துகளில் பூஞ்சணம் பிடித்தது. வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட உடுப்புகள் காயாமலே மணத்தன. ரயில் பாதைக்குக் கீழால் போகும் வீதியில் தண்ணீர் நின்றதால் குறுக்கே தடுப்புப் போட்டிருந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி இரண்டாவது தடவையும் தள்ளிப்போனது. குப்பை எடுக்கும் நாளில் வாசலில் வைத்த தொட்டிகள் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி, வீதிச் சரிவில் இறங்கிப் போயின.

இதையெல்லாம் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டது கேதீஸ்வரன்தான். அவரை யாரும் கேட்கவில்லை. காலையில் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடைப் பாலத்துக்குப் போவார். தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். படம் எடுப்பார். இளம் பிள்ளைகள் அவருக்கு 'ஃபிளட் அங்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கட்டில்களைத் தள்ளியே அவருடைய வேலைக்காலம் முழுவதும் போனது. வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு, அங்கிருந்து ஒப்பரேசன் தியேட்டருக்கு, திரும்பவும் வார்டுக்கு. நோயாளிகள் கூரையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அவர் நடந்துகொண்டே பகிடி விடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் செய்தியை அவருடைய கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் நடந்துகொண்டே இருப்பார். மனைவி விமலாதான் அதட்டுவாள். "ஒரு இடத்தில இருங்கோவன் அப்பா. தேத்தண்ணி ஆறுது."

விமலா தைமாதம் கண்ணை மூடிவிட்டாள். அதட்ட ஆளில்லாமல் போனதும் அவர் இருப்பதையே விட்டுவிட்டார். சாப்பாடும் நின்றபடிதான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் வீட்டுப் பின்படியில் பாசி வழுக்கி விழுந்தார். எழும்ப முடியவில்லை. மழைக்குள் கிடந்தவரை வேலிக்கு மேலால் கண்டு சத்தம் போட்டது பக்கத்து வீட்டு ரஞ்சினி. இடுப்பு முறியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவன், அவரே வேலை பழக்கிவிட்ட ஒரு வியட்நாம்காரன். அவன் பகிடி ஒன்றும் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தள்ளினான். கேதீஸ்வரனுக்கு வந்த வெட்கத்தில் இடுப்பு நோவே மறந்துபோனது. அன்று பின்னேர விமானத்தில் மெல்பேர்னிலிருந்து வந்து இறங்கிய மகன் கபிலன் கட்டிலருகே நின்று, "அப்பா, இனிக் காணும். வீட்டை வித்துப்போட்டு எங்களோட வாங்கோ. ட்ருகனினாவில எங்கட வீட்டில கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு" என்றான். கட்டிலில் கிடந்த மனிதர் ஓம் என்றார்.

எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு அந்த ஓம் அவரை அரித்தது. மகனிடம் ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போனை எடுப்பார். "மழையோ அங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வளர்ந்த பிள்ளை, பயந்துபோய்க் கேட்ட பிள்ளை. அவனுக்கு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குள் வாசலில் விற்பனைப் பலகை முளைத்துவிட்டது.

வீடு விற்கும் வேலை கெல்வினிடம் போயிருந்தது. மலேசியத் தமிழ்ப் பையன். மழையிலும் மினுங்குகிற சப்பாத்து. வந்த முதல் நாளே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அங்கிள், வீடு போற வரைக்கும் உள்ள கறி வைக்கக் கூடாது. தாளிப்பு, மீன், ஒண்ணும் வேணாம். ஸ்மெல் வந்தா வாங்குறவங்க வாசல்லயே திரும்பிடுவாங்க."

இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு இது புதிதில்லை. வீடு விற்பனைக்குப் போனால் அந்த வீட்டு அடுப்பு நின்றுவிடும். அயலில் ஒரு வீடு சமைத்துப் போடும். ரஞ்சினி தன் பழைய வீட்டை விற்றுப் பக்கத்து வீட்டுக்கு மாறியபோது அப்படி ஒரு மாதம் சமைத்துக் கொடுத்தவள் விமலா. ஆகவே ரஞ்சினி இப்போது வேலிக்கு மேலால் சாப்பாட்டுப் பெட்டி நீட்டினாள்.

"அண்ணை, கத்தரிக்காய்க் குழம்பு. வீட்டுக்குள்ள திறக்காதேங்கோ, மணக்கும். கார் கராஜில வச்சுச் சாப்பிடுங்கோ."

"சொந்த வீட்டில களவாய்ச் சாப்பிடுற ஆள் நான்தான்."

"இருந்து சாப்பிடுங்கோ எண்டன். நிண்டு சாப்பிட்டா உடம்பில ஒட்டாது."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடு பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. கெல்வின் முன்னதாகவே வந்து லைட்டெல்லாம் போட்டு, ஏதோ பூ மணக்கிற மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தான். வீட்டுக்காரர் அந்த நேரம் வீட்டில் நிற்கக் கூடாதாம். கேதீஸ்வரன் குடையை எடுத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினார். ஓடைக்குப் போகலாம். அல்லது ரஞ்சினி வீட்டுக்கு. எதிலும் கால் வைக்க மனம் வராமல் பின்வளவைச் சுற்றினார்.

பின்வளவில் மதிலோடு ஒட்டி, தகரக் கூரை போட்ட வெளிக்குசினி ஒன்று இருந்தது. விமலா வற்புறுத்திக் கட்டுவித்தது. இரண்டு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன அலுமாரி, ஒரு பிளாஸ்டிக் கதிரை. பொரிப்பது, வறுப்பது எல்லாம் அங்கேதான். வேலை முடிந்து வருகிறவருக்கு வீதித் திருப்பத்திலேயே இரவுச் சாப்பாடு என்னவென்று தெரிந்துவிடும். அவள் போன பிறகு அவர் அந்த அடுப்பைத் தொடவில்லை.

இப்போது அடுப்பைக் காணவில்லை. கெல்வின் அதன் மேல் நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்றை இழுத்து மூடி, மேலே இரண்டு பூச்சாடி வைத்திருந்தான். இறந்த ஆளை மூடுவது மாதிரி முகத்துக்கு மேலால் இழுத்து, ஓரமெல்லாம் உள்ளே சொருகி.

கேதீஸ்வரன் குடையை மடக்கி மதிலில் சாத்தினார். பிறகு பூச்சாடிகளைத் தூக்கி நிலத்தில் வைத்தார். படங்கை இழுத்து எறிந்தார். அலுமாரியைத் திறந்தால் மேல்தட்டில் பழைய பால்மா டின். அதற்குள் பொலித்தீன் பைக்குள் பை வைத்துச் சுற்றிய கட்டாக் கருவாடு. விமலா கட்டிய முடிச்சு. அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தார்.

ஆட்கள் மணத்துக்கு ஓடுவார்கள் என்று அவன்தானே சொன்னான். ஓடட்டும்.

கெல்வின் முன்பக்கம் நின்ற நேரம் பார்த்து வீட்டுக் குசினியிலிருந்து எண்ணெயும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பாணும் எடுத்து வந்தார். அடுப்பு மூன்றாம் முறைதான் பிடித்தது. எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டார். சீறிக்கொண்டு எழும்பிய மணம், காற்றில்லாத மழைக்குள் மேலே போக வழியில்லாமல், கூரைக்குக் கீழே தங்கி, மெல்லப் பரவி, உடுப்புத் தோய்க்கும் லோண்டரி அறைக் கதவால் வீட்டுக்குள் புகுந்தது. அவருக்கு முதலில் குழப்படி செய்த சந்தோசமாக இருந்தது. பிறகு வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் போட்டுக் கிளறும்போது, பின்னால் அவள் நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். கதிரைதான் இருந்தது. திரும்பிக் கொண்டார். எண்ணெய்ப் புகை கண்ணுக்குள் போயிருந்தது.

முன்பக்கம் கார்க் கதவுகள் அடிபட்டன. ஒரு கார் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. கெல்வின் குடையும் இல்லாமல் பின்னுக்கு ஓடிவந்தான்.

"ஐயோ அங்கிள்! என்ன அங்கிள் இது! கருவாடு லா! கோழிக்கறின்னாகூட ஏதாச்சும் சொல்லிச் சமாளிப்பேன். கருவாட்டுக்கு நான் என்ன மெழுகுதிரி கொளுத்துறது?"

"பசிச்சுது தம்பி."

"அப்படிப் பசிச்சா ஒரு பீட்சா வாங்கித் தந்திருப்பேனே!"

அவன் முடிப்பதற்குள் லோண்டரிக் கதவில் ஓர் இளம் பெண் வந்து நின்றாள். தாதி உடை, மேலே மழைக்கோட்டு. கண்ணில் தூக்கம்.

"கருவாடு தானே? நான் சொன்னேன்ல பிரதீப்! வாசல்லயே சொன்னேன்!"

அவளுக்குப் பின்னால் குடையை மடக்கியபடி வந்தவன், "சாரி அங்கிள். நைட் டியூட்டி முடிச்சு நேரா வர்றா, இன்னும் சாப்பிடல" என்றான். கெல்வின் சட்டென்று சிரிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு இருவரையும் அறிமுகம் செய்தான். பிரதீப்குமார், ஹரிப்பிரியா. தூத்துக்குடிப் பக்கம்.

கேதீஸ்வரனுக்கு அப்போதுதான் தன் மடைமை விளங்கியது. கிரவீனில் வீடு வாங்க வருகிற ஆட்களில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள்; அவர்களில் எத்தனை பேர் கருவாட்டு மணத்துக்குப் பயந்து ஓடுவார்கள்? கெல்வினுக்குத் தெரியாவிட்டாலும் அவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன மீனு அங்கிள்? வஞ்சிரமா?"

"கட்டா பிள்ளை. உப்பு கொஞ்சம் கூட." அவர் கை தானாகவே ஒரு பாண் துண்டில் இரண்டு கருவாட்டுத் துண்டும் வெங்காயமும் வைத்து நீட்டியது. அவள் அந்தக் கதிரையில் இருந்து சாப்பிட்டாள். தகரத்தில் மழை கொட்டியது. பிரதீப்குமார் மட்டும் பின்வளவில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், உண்மையச் சொல்லுங்க. வெள்ளம் வருமா இங்க?"

நல்ல சந்தர்ப்பம். ஓம் என்று ஒரு சொல் போதும். இரண்டு பேரும் இப்போதே எழும்பிப் போய்விடுவார்கள். அவரிடம் போனில் ஓடைப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றைக் காட்டினாலே போதும்.

"வீட்டுக்குள்ள ஒரு சொட்டும் வந்ததில்லை" என்றார். விமலா பார்த்துப் பார்த்துக் கட்டுவித்த வீட்டுக்குப் பழி சொல்ல நாக்கு எழும்பவில்லை. "பின்வளவில நிக்கும். அந்த மூலையில ஒரு சின்ன வாய்க்கால் இருக்கு. அதை வெட்டிவிட்டா தண்ணி ஓடிப் போயிடும்."

"யாரு வெட்டுவாங்க?"

"என்ர மனிசி வெட்டுவா."

"இப்ப?"

அவர் மதிலில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியைப் பார்த்தார். தைமாதத்திலிருந்து அது அந்த இடத்திலேயே நின்று துருப்பிடித்திருந்தது. ஓடைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் போய் ஊருக்கெல்லாம் தண்ணீர் அளந்து சொன்ன ஆள், சொந்த வளவு வாய்க்காலை எட்டிப் பார்க்கவில்லை.

ஹரிப்பிரியா பாணை முடித்துக் கையைத் தொட்டியில் கழுவினாள். "எனக்குப் பிடிச்சிருக்கு பிரதீப். பெட்ரூம் சின்னதுதான், பரவால்ல. இந்த அடுப்படி ஒண்ணு போதும்." அவர் பக்கம் திரும்பினாள். "எப்ப அங்கிள் காலி பண்ணித் தருவீங்க?"

கெல்வினின் முகம் மலர்ந்தது. கேதீஸ்வரன் அடுப்பை அணைத்தார்.

"நான் விக்கேல்லைப் பிள்ளை."

"என்ன அங்கிள்?"

"வீடு விக்கிறேல்லை. உங்களை மழைக்குள்ள கூப்பிட்டு அலைய வச்சது பிழைதான். குறை நினைக்காதேங்கோ."

சொல்லிவிட்டார். இரண்டு மாதமாகத் தொண்டையில் கிடந்தது, யாரோ ஒரு பிள்ளைக்கு முன்னால் சும்மா வந்து விழுந்துவிட்டது. ஹரிப்பிரியாவின் முகம் வாடியது. ஆனால் கதிரையையும் அடுப்பையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மீதிக் கேள்வியைக் கேட்காமல் விட்டாள்.

"அங்கிள், போர்டு போட்டாச்சு" என்றான் கெல்வின்.

"கழட்டுங்கோ."

"உங்க மகனுக்கு யார் சொல்றது? நான் மாட்டேன்."

"நான்தான் சொல்லவேணும்."

அவர்கள் போன பிறகு வெளிக்குசினியிலேயே நின்று போன் எடுத்தார். முதல் மணியிலேயே கபிலன் எடுத்தான்.

"அப்பா, எப்படிப் போச்சு? ஆக்கள் வந்தவையா? அது என்ன சத்தம்?"

"தகரத்தில மழை."

அந்தத் தகரத்துக்குக் கீழே வளர்ந்த பிள்ளை. "அம்மான்ர குசினியிலயா நிக்கிறீங்க?"

"ஓம். கருவாடு பொரிச்சனான். கபிலன், நான் அங்க வாறேல்லை. உன்ர பிழை இல்லை. ஆஸ்பத்திரியில ஓம் எண்டது என்ர பிழை."

"அப்பா, லிசின். அந்தப் படியில திரும்ப விழுந்தா? ரஞ்சினி அன்ரி வீட்டில இல்லாத நேரம் விழுந்தா? எனக்கு இங்க ஒவ்வொரு போன் கோலும் பயமாயிருக்கு. அது விளங்குதா உங்களுக்கு?"

விளங்கியது. "பாசியைச் சுரண்டுறன். கைபிடி போடுவிக்கிறன். ஒவ்வொரு நாளும் காலமை உனக்கு எடுக்கிறன்."

"ஓடைப் படம் அனுப்பாம உங்கட படம் அனுப்புங்கோ" என்றான் கபிலன். "வாற சனிக்கிழமை நான் வாறன். இருந்து கதைப்பம். நான் ஓகே எண்டு சொல்லேல்லை, சரியா?"

"சரி. வா."

போனை வைத்தபோது வேலிக்கு மேலால் ரஞ்சினியின் தலை தெரிந்தது. தலையில் பொலித்தீன் பை.

"கேதீஸ் அண்ணை! வீடு விக்கிற ஆக்கள் செய்யிற வேலையா இது? எங்கட அறை வரைக்கும் மணக்குது!"

"விக்கேல்லை ரஞ்சினி."

அவள் தலையில் இருந்த பையை இழுத்துச் சரிசெய்தாள். "அப்ப மத்தியானம் என்ர புட்டை நான் என்ன செய்யிறது?"

"கொண்டு வாங்கோ. கருவாடு இருக்கு."

அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். வழுக்கியது. மதிலைப் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக வைத்தார். மூலை வாய்க்கால் இலையும் சேறும் புல்லுமாக மூடிக் கிடந்தது. வெட்டினார். இடுப்பு நொந்தது. நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி வெட்டினார். தண்ணீர் முதலில் அசையவில்லை. பிறகு ஒரு பழுத்த இலை மெல்லத் திரும்பி, யோசித்து, மூலைப் பக்கமாக நகரத் தொடங்கியது.

படம் எடுக்க அவர் போனைத் தேடவில்லை. பின்னால் அடுப்பில் கருவாடு ஆறிக்கொண்டிருந்தது.