மின்னிய தோட்டா

பித்தளை கண்ணில் பட்டால் தேய்க்காமல் அந்தக் கார்ப்பரலுக்குச் சோறு இறங்காது. பெல்ட் கொக்கி, சட்டைப் பொத்தான், வாசல் மணி எல்லாம் மின்னும். மூளை மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அவன் இருந்த போலீஸ் நிலையத்தில் நான் கிராணி, எழுத்து வேலை. காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். சுதந்திரத்துக்கு முன்பு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் நடந்த நேரம்.

குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பக்கத்தில் சுட்டுத் தீர்ந்த தோட்டாக்கூடு ஒன்று கிடந்தது. தோட்டத்துக் காவல்காரரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. கங்காணியோடு வாய்ச்சண்டையும் இருந்தது. போதாதா? பிடித்து உள்ளே போட்டார்கள்.

"என் துப்பாக்கிய சுட்டுப் பாத்து, ரெண்டு கூட்டையும் ஒண்ணா வச்சுப் பாருங்கய்யா. கோலாலம்பூர்ல அதுக்கு ஆள் இருக்காராமே," என்று கெஞ்சினார் அவர். சுடும்போது துப்பாக்கியின் ஊசி கூட்டின் அடியில் ஒரு குழி போடும். சுற்றிலும் மெல்லிய கோடுகள் பதியும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி அது வேறு. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு இது தெரிந்திருந்தது. எங்கள் மேதாவிக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியையும் கூட்டையும் கோலாலம்பூருக்கு அனுப்புவதற்கு முதல் நாள் கார்ப்பரல் மேசையில் உட்கார்ந்து அந்தக் கூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தீக்குச்சியில் துணி சுற்றி அந்தக் குழியையும் குடைந்தான்.

"வெள்ளைக்காரன் பாக்கப் போறான், கிராணியாரே. கறுத்துப்போயா குடுக்குறது? நம்ம ஸ்டேஷன் மானம் என்னாவுறது?"

அட மடையா!

கூடு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு கோலாலம்பூர் போனது. பதில் வந்தது: தெரிவதெல்லாம் பாலிஷ் போட்ட கீறல், இந்தத் துப்பாக்கி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

கோர்ட்டில் நிற்காத வழக்கு. ஆனால் வெறும் சந்தேகத்தின் பேரில் ஆளை நாடு கடத்த அந்தச் சட்டத்துக்குக் கோர்ட் தேவையில்லை. இங்கேயே பிறந்த மனுஷனை இந்தியாவுக்குக் கப்பலேற்ற உத்தரவு வந்தது. லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "என் துப்பாக்கி இல்லன்னு எழுதி வந்துச்சாங்கய்யா?" என்று கேட்டார். நான் பேனாவைத் துடைத்தேன்.

இத்தனை வருஷமாகக் கார்ப்பரலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று பாலிஷ் தீர்ந்துவிட்டது, வேறு வேண்டும் என்று அவன் கேட்டபோது, அவன் கையிலிருந்த கூட்டைப் பார்த்துக்கொண்டே ஸ்டோரைத் திறந்து புது டப்பா எடுத்துக் கொடுத்தவன் நான்.