வெள்ளை மேஸ்திரியும் நாலு மணலும்

வெளிச்சுவரை வெள்ளையாகப் பூசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் எப்போதோ காணாமல் போய், வெள்ளை மேஸ்திரி என்பதே நிலைத்துவிட்டது. பெயிண்ட் அடித்து வருகிற வெள்ளையை அவர் ஒரு வெள்ளையாகவே மதிப்பதில்லை. வெள்ளை சிமெண்டோடு வெளிர்மணலைக் கலந்து பூசினால் சுவரே வெள்ளையாக இருக்கும், உரிந்துபோக ஒன்றுமிருக்காது. "சிமெண்டு யாரு வாங்கினாலும் ஒண்ணுதான். நிறத்தைக் கெடுக்கிறது மணல்தான்" என்பார். வேலைக்குக்கூட வெள்ளைச் சட்டைதான் போட்டுவருவார். வந்ததும் அதைக் கழற்றிச் சாரக் கம்பில் மாட்டிவிட்டுத்தான் பூச்சுக் கரணையைத் தொடுவார்.

அப்படிப்பட்டவர் சொந்தத் தங்கையின் புதுத் தையல்கடைச் சுவரில் வந்து மாட்டிக்கொண்டார்.

மூன்று மணல் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கலவை போட்டு, பின்சுவரில் கையகலத்துக்குப் பூசி, இரண்டு நாள் காயவிட்டுப் பார்த்தார். ஈரத்தில் எந்தப் பூச்சும் பொய் சொல்லும், காய்ந்தால்தான் உண்மை தெரியும் என்பது அவர் கணக்கு. மூன்றும் காய்ந்து மஞ்சளடித்தன. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணலைக் குலுக்கி வைத்தால் அடியில் மணல், மேலே தெளிந்த தண்ணீர். வண்டல் துளிகூட இல்லை. உள்ளங்கையில் தேய்த்தால் கறை இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த மஞ்சள்?

மூன்றாவது லோடைத் திருப்பி அனுப்பியபோது மணல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மேஸ்திரி, நல்லாப் பாருங்க. இதைவிட வெளுத்த மணல் எங்க இருக்கு?"

"செம்மண்ணைக் கலந்து என் தலையில கட்டப் பாக்குறியா?"

நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வி. மணல்காரர் முகம் சுண்டிப்போய் வண்டியைத் திருப்பினார்.

இதற்கு நடுவே இன்னொரு குழப்பம். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, வழக்கம்போல் வலது கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்த்தார். நூலுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாவது பூச்சு பளிச்சென்று வெளுத்திருந்தது. குண்டை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பழையபடி மஞ்சள். மேகம் விலகி மறுபடி மூடியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தார். வானத்தில் மேகமே இல்லை.

முப்பது வருஷம் மணலோடு மாரடித்தவனுக்கு மணல் தெரியாமல் போய்விடுமா? தங்கை வீட்டிலேயே கோட்டை விட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டாலும் எந்த முகத்தோடு போவது? பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை, எரிந்து மட்டும் விழுந்தார்.

வேறு இடத்தில் வாங்கிய நாலாவது மணலும் காய்ந்த காலையில் தங்கை வந்தாள். பத்து வகை வெள்ளை நூலைப் பிரித்து அடுக்கத் தெரிந்தவள். நாலு பூச்சையும் தடவிப் பார்த்தாள்.

"எல்லாமே நல்லாத்தானே இருக்கு, அண்ணே. அதுலயும் அந்த ரெண்டாவது, பால் வெள்ளை."

"பாலா? மஞ்சள் கரைச்ச மாதிரி இருக்கு. எனக்கு எப்படி வேணும் தெரியுமா? இதோ, இந்தச் சட்டை மாதிரி!"

சாரக் கம்பில் தொங்கிய சட்டையைக் காட்டினார். தங்கை சட்டையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கலவை போட்டுக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சட்டென்று குனிந்துகொண்டாள்.

"அது வெள்ளையா, அண்ணே?"

கேலி செய்கிறாள் என்று அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தவருக்குத் தூக்குக்குண்டு நினைவு வந்தது. மெதுவாக வலது கண்ணை மூடினார். நாலு பூச்சும் வெள்ளை. இடது கண்ணை மூடி வலதைத் திறந்தார். நாலும் மஞ்சள். மறுபடி மூடினார், திறந்தார்.

"என்னங்க, இந்த வயசுல யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள் மனைவி. அவர் சிரிக்காததைப் பார்த்துக் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மணல்ல ஒண்ணும் இல்ல. என் கண்ணுலதான் என்னமோ."

தங்கை அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வலது கண்ணை விரித்துப் பார்த்தாள். "புரை மாதிரி இருக்கு, அண்ணே. இன்னைக்கே டாக்டர்கிட்டப் போவோம்."

"அதுக்கு முன்னால மணல்காரரைப் பாக்கணும். அந்த ரெண்டாவது மணலைக் கேக்கணும். நான் பேசினதுக்கு அவர் காலைப் புடிக்கணும்."

சொல்லிக்கொண்டே சட்டையை எடுத்தார். ஆறு மாதமாக இந்தச் சட்டைக்காக வீட்டில் ரகளை. துவைக்கத் துப்பில்லையா, பழுப்பேறிக் கிடக்கிறதே என்று தினமும் கத்தினார். போன மாதம்தான் ஒருவழியாக, "இப்பத்தான் வெள்ளையா இருக்கு" என்று மனைவியை மெச்சியிருந்தார்.

வலது கண்ணை மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கிப் பிடித்தார். நல்ல நீலம். பள்ளிக்கூடச் சீருடைபோல வெளிர்நீலம். இதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு மாதமாக வெள்ளை மேஸ்திரி தெருத்தெருவாக நடந்திருக்கிறார்.

"எவ்வளவு நீலம் போட்ட?"

"நீங்க வெள்ளைன்னு சொல்ற வரைக்கும் போட்டேன்" என்றாள் அவள்.