மாமி அகட்டச் சொன்ன கோட்டு

இன்று காலை என் கலியாணக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எல்லாம் பூட்டுப்பட்டது. துருக்கித் தொப்பியும் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியின் சமையலில் ஊதிப்போயிருந்தேன். அடுத்த கிழமை மனைவியின் தம்பிக்குக் கலியாணம். அதற்காக இரவுச் சோற்றை நிறுத்தினேன். மாமிக்கு, வயிறு சரியில்லை என்று சாட்டு.

அந்தத் தெம்போடு கல்முனை பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டில் என் உம்மாவின் தங்கச்சி.

"என்ன மகன், இப்பிடிக் காஞ்சி போயிட்டீங்க? அந்த ஊட்டுல சோறு போடுறல்லியா?"

"போடுறாங்க சாச்சி. கோட்டுக்காக நான்தான் குறைச்சிருக்கன்."

"மாமியாரக் காட்டிக் குடுக்காத நல்ல புள்ள" என்றார் சாச்சி, பஸ் முழுக்கக் கேட்க.

சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்பினேன். மாமி சோறு போடுவதில்லையாம் என்ற கதை எனக்கு முன்னே வந்திருந்தது. கோட்டு விஷயத்தைச் சொல்லித்தான் மனைவி மாமியை ஆற்றியிருக்கிறாள். பீங்கான் நிறைய நெய்ச்சோறு, மேலே கோழிக்கால். ஆணியில் கோட்டைக் காணவில்லை.

மாமி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மகளிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி:

"கோட்ட டைலர்ட்ட அனுப்பிட்டன். ரெண்டு பக்கமும் நல்லா அகட்டச் சொல்லியிருக்கன். இனி மருமகன் பயமில்லாமச் சாப்பிடட்டும்."

ஒரு கிழமைக்குள் அந்தக் கோட்டை நிரப்பியாக வேண்டும். முடியும், இரண்டாவது பீங்கானில் இருக்கிறேன்.

நாளைக்குக் கல்முனை பஸ்ஸில் போகிறவர்கள் இதையும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.