கொத்தமங்கலத்தில் கேட்ட ‘வேண்டாம்’

காலை ஆறு மணிக்குத் திருச்சியில் காரைக்குடி பஸ் ஏறினேன். பேச்சு வராத குழந்தைகளுக்காக நண்பர்கள் சேர்ந்து சில மாதங்களுக்கு முன் மூன்று டேப்லெட்களைக் கொத்தமங்கலத்துக்கு அனுப்பியிருந்தோம். படத்தைத் தொட்டால் போதும், அந்தச் சொல்லைத் தமிழில் உரக்கச் சொல்லும். “மூணுமே சத்தம் போட மாட்டேங்குது மேடம்” என்று அங்குள்ள சிறப்பு ஆசிரியை செல்வி போனில் சொன்னார். குழுவில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமைக்காகக் கிடைத்த தண்டனை இந்தப் பயணம்.

சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். காரைக்குடியில் இறங்கிப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்த பிறகுதான் மனுஷியானேன். அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நல்ல கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒன்பது வயதுச் சிறுமி. அவள் கால்கள் பாதி என் மடியில்.

“எங்குட்டுக்கா போறீக?”

சொன்னேன். “நாங்களும் அங்குட்டுத்தான்” என்றாள். அவள் பெயர் முத்துலட்சுமி, மகள் தர்ஷினி. பிறவியிலேயே கை கால் விறைப்பு, பேச்சும் வரவில்லை. “இவ பள்ளிக்கூடத்த இன்னையோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேங்க்கா. இவளத் தூக்கிச் சொமக்க இடுப்பு தாங்கல. இத்தன வருசமாப் போயி என்னத்தக் கண்டன்னு அவுகளும் சத்தம் போடுறாக. போன்ல சொன்னா நல்லாருக்காது, டீச்சர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துரலாம்னுதான் கெளம்புனேன்.”

சுமப்பவள் அவள், புத்தி சொல்ல நான் யார்?

பஸ் நின்ற இடத்திலிருந்து, தெரு நீளத்துக்கு ஓடும் செட்டியார் வீட்டு மதில் ஒன்றைச் சுற்றிப் போனால் பள்ளிக் கட்டடம். அதில் இரண்டு அறைகள்தான் சிறப்புக் குழந்தைகளுக்கான மையம். செல்வி பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றிய டேப்லெட்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வந்தார். சார்ஜ் இருந்தது. திரை வேலை செய்தது. சத்தம் மட்டும் இல்லை. அமைப்புகளைப் புரட்டினேன், அணைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் கீழ் ஓரத்தைக் கவனித்தேன். மூன்றிலும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். சரியாக ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல்.

“வந்ததுமே ஆயுத பூஜைக்கு வச்சோம் மேடம்” என்றார் செல்வி. “ஸ்கிரீன்ல வச்சா கெட்டுப்போயிரும்னுதான் பாத்து ஓரமா வச்சேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு கவனமாக, அவ்வளவு மரியாதையாக வாயை அடைத்திருக்கிறார்கள்! முத்துலட்சுமி தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பழைய டூத் பிரஷ் ஒன்றும் கிடைத்தது. ஓட்டை ஓட்டையாகக் குத்தித் துடைத்தோம்.

பதினொரு மணிக்குத் தர்ஷினிக்குச் சத்துமாவுக் கஞ்சி. முத்துலட்சுமி ஸ்பூனை நீட்டினாள். செல்வி டேப்லெட்டைத் தர்ஷினி முன் சாய்த்து வைத்தார். இதே படங்களை அட்டையில் காட்டி ஒரு வருஷமாகப் பழக்கியிருந்தவர் அவர். சிறுமியின் விரல் நடுங்கிக்கொண்டே போய் ஒரு படத்தில் இறங்கியது.

“வேண்டாம்” என்றது டேப்லெட்.

தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்து முத்துலட்சுமி மறுபடி நீட்டினாள். மறுபடி “வேண்டாம்.”

“ஏன்த்தா, தெனமும் குடிச்சியே! புடிக்காமலா குடிச்ச?” முத்துலட்சுமி சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

அந்த நேரம் பார்த்து முத்துலட்சுமியின் கணவரிடமிருந்து போன். கட்டட வேலையில் இருந்தார்; பின்னால் கலவை மெஷின் சத்தம். “டீச்சர்கிட்டச் சொல்லிட்டியா?”

“நான் சொல்லல. ஒங்க மககிட்டயே கேளுங்க” என்று ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“என்ன வெளையாடுறியா?” என்றவர், பிறகு குரலைத் தணித்து, “ஏத்தா தர்சினி, பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவமா?” என்று கேட்டார்.

விரல் கிளம்பியது. வழியில் ஒருமுறை நழுவியது. யாரும் கையைப் பிடித்து உதவவில்லை.

“வேண்டாம்.”

“அது யாரு பேசுறது?”

“அவதாங்க.”

கலவை மெஷினை நிறுத்தச் சொல்லி அவர் கத்துவது கேட்டது. பிறகு, “இன்னொருக்காச் சொல்லச் சொல்லு” என்றார்.

மதியம் கிளம்பும்போது செல்வி நன்றி சொன்னார். சொல்ல வேண்டியவள் நான். நாங்கள் அனுப்பியது ஒரு பொருள்தான். ஒரு வருஷம் அட்டைகளோடு உட்கார்ந்தவர் அவர், வருஷக்கணக்கில் இடுப்பில் சுமந்தவள் முத்துலட்சுமி. இருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை திருச்சியில் உப்புமாத் தட்டை என் மகன் பார்த்தான். “வேண்டாம்” என்றான். வழக்கமாக எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்கு, “இன்னொரு தடவை சொல்லுடா” என்றேன்.