வானவில் பாம்பும் வெள்ளிக்கிழமைப் புகையும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவேன், தண்ணீர் லாரிக்காரரிடம் சண்டை போடுவேன், ஆபீஸில் மேனேஜரிடமே குரலை உயர்த்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவள், பேசியே ஆக வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதில் ஓர் உயிர் போய்விட்டது. எழுதினாலாவது மனசு ஆறுமா என்று பார்க்கிறேன்.

பாம்பு என்னிடம் வந்தது ஆபீஸ் தோழி ஒருத்தியால். கனடாவில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். கட்டிலுக்கு ஆள் கிடைத்தது, வாஷிங் மெஷினுக்கு ஆள் கிடைத்தது, அவள் வளர்த்த ரெயின்போ போவாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. தென் அமெரிக்கக் காட்டு இனம், விஷமில்லாதது, ஒன்றரை வயசு. சாமான் கட்ட உதவிக்குப் போன என் கையில் அதை எடுத்து வைத்தாள். நான் அலறப் போனேன். அதற்குள் அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, தலையை உள்ளங்கையில் வைத்துப் படுத்துவிட்டது. ஜன்னல் வெயில் பட்டதும் அதன் பழுப்பு உடம்பில் நீலமும் பச்சையும் ஊதாவும் ஓடின, ரோட்டுக் குட்டையில் பெட்ரோல் சிந்தினால் மின்னுமே, அதுபோல. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். பதிவுப் பத்திரங்களை என் பெயருக்கு மாற்றி, கண்ணாடிப் பெட்டியையும், அதற்குத் தீனியான எலிகளை உறைய வைக்க ஒரு குட்டி ஃப்ரிட்ஜையும் கொடுத்து அனுப்பினாள். கூடவே, என்ன செய்ய வேண்டும், என்ன கூடாது என்று தன் கையால் எழுதிய ஒரு தாளும்.

நீலசந்திரா ஏரியாவில் முதல் மாடியில் எங்கள் வீடு. ஒரு ஹால், இரண்டு சின்ன அறை. நான், என் கணவர், மாமியார். கணவருக்கு பீன்யா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. பெட்டியோடு நான் படியேறி வந்ததைப் பார்த்ததும் மாமியார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ சிவனே! வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு! டேய், நான் இந்த வீட்ல இருக்கணுமா வேணாமான்னு கேளுடா உம் பொண்டாட்டிய!"

அவர் என்னிடம் நேராகக் கேட்கவில்லை, கவனியுங்கள். மகனிடம்தான் சொன்னார். ஆறு வருஷமாக அப்படித்தான். எங்களுடையது காதல் கல்யாணம். நான் கத்தோலிக்க வீட்டுப் பெண். மாமியார் கெட்டவர் இல்லை, ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, வீடு முழுக்கப் புகை காட்டுவார். சாமி அலமாரி, ஹால், சமையலறை, பாத்ரூம் வாசல், ஏன், செருப்பு ஸ்டாண்டுக்குக்கூடக் காட்டுவார். எங்கள் அறை வாசலுக்கு வந்ததும் திரும்பிவிடுவார். கட்டிலுக்கு மேலே நான் மாட்டியிருந்த மாதா படம்தான் காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். 'செருப்புக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா' என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை உள்ளே உட்கார்ந்து பொருமியிருக்கிறேன்.

பெட்டியை எங்கள் அறையில் வைத்தேன். முதல் தடவை வளர்ப்பவள் செய்கிற கிறுக்குத்தனம் எல்லாம் செய்தேன். இந்தப் பாம்புக்கு ஈரம்தான் உயிர். காற்று காய்ந்தால் அதற்கு ஆகாது. நானோ நம்ம ஊர் குளிர்ந்த ஊராயிற்றே என்று பல்பை நாள் முழுக்க எரியவிட்டுப் பெட்டியைக் காய வைத்தேன். தோல் முழுசாக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. தாளை மறுபடி படித்து, பல்பைக் குறைத்து, பெட்டிக்குள் விரித்திருந்த பாசியை நனைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்துச் சரிசெய்தேன். அடுத்த தடவை முழுச் சட்டையாக உரித்துப் போட்டது. சின்னப் பிள்ளை மாதிரி அதைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினேன்.

"எங்கம்மா ஒருத்தியே போதாதுன்னு இது வேறயா" என்று கணவர் என் காதில் கிசுகிசுப்பார். ஆனாலும் எலியைச் சுடுதண்ணீரில் இளக வைப்பது அவர்தான்.

தோல் உரித்த அன்று மாமியார் அறை வாசலில் வந்து நின்றார். புதுத் தோலில் காலை வெயில் பட்டு அது தகதகவென்று இருந்தது. "காஞ்சிபுரம் பட்டு கெட்டுது போ" என்றார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாளையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நாகம்மனே மனெகெ பந்திதாளெ" என்றார். நாகம்மாவே வீடு தேடி வந்திருக்கிறாளாம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை தூபக்கால் எங்கள் அறை வாசலுக்கு வந்தது. வழக்கம்போல் திரும்பிவிடும் என்று நான் போனைப் பார்த்தபடி இருந்தேன்.

"உள்ள வரட்டாம்மா?"

என்னிடம் கேட்டார். என்னிடமே! நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பக்தி என்று நினைத்தேன். அப்புறம் கட்டிலுக்கு மேலே நிமிர்ந்து மாதா படத்துக்கும் ஒரு சுற்று காட்டினார். போகும்போது என் நெற்றியில் துளி திருநீறு வைத்துவிட்டுப் போனார். அன்று நான் அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

தோழி தந்த தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அதில் ஒரு வரி: பக்கத்தில் சிகரெட், கொசுவர்த்தி, ஸ்பிரே எதுவும் கூடாது, இதன் நுரையீரல் தாங்காது. தினமும் அந்தக் கதவைத் திறக்கிறவள் நான். 'சாம்பிராணி என்று எழுதவில்லையே' என்று எனக்கு நானே வாதாடினேன். வாரத்துக்கு ஒரு தடவைதானே, ஐந்து நிமிஷம்தானே. அவர் போனதும் ஜன்னலைத் திறந்துவிடுவேன், பெட்டியின் மேல் ஈரத்துண்டைப் போடுவேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. 'உங்க புகை ஆகாது அத்தே' என்று சொல்லிவிட்டால் கோடு மறுபடி விழுந்துவிடும், அப்புறம் இந்த ஜென்மத்தில் அழியாது என்று பயந்தேன். இதற்கிடையில் அவர் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் எனக்கென்று தலைத்துண்டை எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார். என் வாய் எப்படித் திறக்கும்?

மார்ச் மாதம் வந்தது. வெளியே காற்று காய்ந்து உதடு வெடித்தது. பாம்பு எலியைத் தொடவில்லை. ஒரு நாள் தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து திறந்து மூச்சு விட்டது. மூக்கு ஓட்டையில் நுரைக்குமிழி. கிட்டே காதை வைத்தால் விசில் மாதிரி ஒரு சத்தம்.

ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் வருகிறேன் என்றார். ஆட்டோவில் பெட்டியைத் தன் மடியில்தான் வைத்துக்கொண்டார். பாம்பு பார்க்கிற டாக்டர் ஒரு இளம்பெண். சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார். ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, இங்கிலீஷில் கேட்டார்: "வீட்டில் புகை ஏதாவது உண்டா? எந்தப் புகையாக இருந்தாலும் சொல்லுங்கள்."

மாமியார் என் பக்கத்தில் நின்று, டாக்டர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை டாக்டர்" என்றேன்.

"என்னம்மா கேக்குறாங்க?"

"சாப்பாடு பத்தி கேக்குறாங்க அத்தே."

ஒரே நிமிஷத்தில் இரண்டு பொய். இரண்டையும் நாக்கு குழறாமல் சொன்னேன். நியாயவிலைக் கடையில் எடைக்கல்லைச் சரிபார்க்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிற அதே நாக்கு.

மூன்று நாளுக்கு ஒரு தடவை ஊசி போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஊசி போட்டேன். மாமியார் தன் பங்குக்கு வேண்டிக்கொண்டார். அவர் வேண்டுதல் என்றால் என்ன? வெள்ளிக்கிழமை மட்டும் வந்த புகை, தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று வர ஆரம்பித்தது. "தாயி, எம் மருமவ மொகத்தைப் பாரு, சட்டுனு எந்திரி" என்று பெட்டிக்கு முன்னால் நின்று சொல்வார். எம் மருமவ. அந்த வார்த்தைக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். புகை கண்ணாடி மேல் படிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இருபது நாள் போராடியது. ஒரு காலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு வெளியே தலை தொங்கக் கிடந்தது. தொட்டேன், சுருளவில்லை. அந்த மினுமினுப்பு மட்டும் அப்படியே இருந்தது. பாவி, உயிர் போன பிறகும் மின்னியது.

புகையா, மார்ச் மாத வறட்சியா, ஆரம்பத்தில் நான் பல்பு போட்டுக் காய வைத்ததா, டாக்டர் இதுதான் என்று கை காட்டவில்லை. காட்ட முடியாதபடி மறைத்தவள் நான்தானே.

மாமியார் தூபக்காலோடு வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "போயிட்டாளா? எம் மேலதான் தப்பு. நேத்து சாம்பிராணி தீந்து போச்சு, கொஞ்சமாத்தான் போட்டேன். பத்தலையோ என்னவோ."

அதைக் கேட்டதும் எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினேன். அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். புகை ஆகாது என்று எனக்கு முதலிலேயே தெரியும், டாக்டர் கேட்டது அதைத்தான், பொய் சொன்னேன், உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது, சொன்னால் இந்த அறைக்குள் மறுபடி வரமாட்டீர்கள் என்று பயம்.

அவர் அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தூபக்காலை இழுத்து, பெட்டிக்குத் தெளிக்க நான் வைத்திருந்த குடத்துத் தண்ணீரைத் தணல் மேல் ஊற்றினார். உஸ்ஸென்று அணைந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனேம்மா. பாம்புன்னா எனக்கு இன்னிக்கும் குலை நடுங்கும். கண்ண மூடிக்கிட்டுதான் சுத்துவேன். ஆறு வருசமா இந்த ரூமுக்குள்ள வரணும்னுதான் இருந்துச்சு, நீ ஒரு நாளும் கூப்புடல. இந்தப் பாம்ப விட்டா எனக்கு வேற சாக்கு கெடைக்கல."