சாவியைத் தண்ணீரில் போட்டவன்

ஆடி மாதம் வந்தால் எனக்கு வேலை இருக்காது. விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து பிழைக்கிறவன் நான். ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை. கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு மாதம் முழுக்க லேப்டாப்பில் படம் பார்ப்பேன். எல்லாம் ஒரே வகைப் படங்கள். ஒருத்தி கண்ணாடியைப் பார்ப்பாள், கண்ணாடிக்குள் இருப்பவள் வேறு பக்கம் திரும்புவாள். நடந்து போகிற வராந்தா நீண்டுகொண்டே இருக்கும். நடந்தது கனவா, மனக்கோளாறா, நிஜமா என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். பாதிப் படங்கள் எனக்கே புரியாது. புரியவில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னோடு சேர்ந்து கேமரா பிடிக்கும் பாய் கோட்டக்குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒரு நாள் அவரையும் உட்கார வைத்து ஒரு படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் காதைக் குடைந்துகொண்டு சொன்னார்.

“ஒவ்வொரு ஷாட்டையும் ஃபிரேம் போட்டு மாட்டலாம்பா. சோக்கா இருக்குது. ஆனா அந்தப் பொம்பளைக்கு இன்னாதான் ஆச்சு? அத்த சொல்லவே இல்லியே.”

“கதைய பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் கூட சொல்லிடுவான் பாய். சினிமான்னா கண்ணுக்கு” என்றேன்.

அந்த வசனத்தை அப்புறம் போகிற இடமெல்லாம் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன ஆடியில் நானே அப்படி ஒரு குறும்படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். கதைக்கு எங்கும் அலையவில்லை. கதை என் அக்காவிடம் இருந்தது.

அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தை பிறந்த பிறகு மூன்று மாதம் அக்காவுக்கு மனம் சரியில்லாமல் போயிற்று. சுவர் பக்கத்தில் வருகிறது என்பாள். அடுக்களையில் தன்னைப் போலவே ஒருத்தி நிற்கிறாள் என்பாள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கடைசியில் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வருவதுதான், தீர்ந்துவிடும் என்றார் அவர். தீர்ந்தும் விட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு மத்தியானம் நடந்த காரியம் மட்டும் அந்த வீட்டில் தீரவில்லை. கைக்குழந்தையை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியும் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள் என்பது அந்தக் காரியம். கோயிலுக்குப் போயிருந்த மாமியார் வந்து, அழுகை கேட்டுப் பூட்டைக் கல்லால் உடைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து குழந்தையை அவளிடம் தனியாக விடுவதில்லை. யாரும் அவளைத் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. அக்காவின் கணவர், என் மாமா, நல்ல மனிதர். எப்போதும் கூட ஒரு ஆள் இருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்குக்கூட மாமியாரும் நடப்பார்.

படம் எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் அக்காவே கூப்பிட்டாள். “அன்னிக்கி நடந்தத ஒழுங்கா சொல்றேன். எடுத்துக்கோ. மூஞ்சி வேணாம், கொரல் மட்டும்.”

ஒரு காலையில் மாமியார் சந்தைக்குப் போனதும் அவள் புடவையில் காலர் மைக்கைக் குத்தினேன். மாடியில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினாள். அந்த மத்தியானம் குழந்தையை ஏதாவது செய் என்று ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததாம். தன் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்ததாம். குழந்தையைப் பாயில் கிடத்தி, வெளியே வந்து பூட்டி, மதில்மேல் எட்டி, பக்கத்து வீட்டில் குடியிருந்த பெண்ணைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரு வர்ற வரைக்கும் இத வெச்சிக்கினு இருங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னேன்டா.”

அந்தப் பெண் பயந்துவிட்டாள். மாமியார் வந்து பூட்டை உடைத்தபோதும் மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டு, அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அக்கா தெளிந்த பிறகு இதைச் சொன்னாள். அவள் அந்த நாட்களில் பார்த்ததும் கேட்டதும் நிஜமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா, இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கைக்குழந்தையைத் தன்னிடமிருந்தே காப்பாற்றிய ஒருத்தி, எட்டு வருஷமாகக் காவலில் இருந்தாள்.

“வீட்ல சொன்னா பாதியில எழுந்து போயிடறாங்க. படம்னா கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பாங்க இல்ல?” என்றாள். பிறகு வெட்கப்படுகிறவள் மாதிரி இன்னொன்று சொன்னாள். “பாப்பாவ கூட்டிக்கினு, நாங்க ரெண்டு பேரு மட்டும், பஸ் ஏறி விழுப்புரத்துக்கு வரணும்டா.”

நான் தலையாட்டினேன். மனதுக்குள் சிவப்பு விளக்கு எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு காலி வீட்டில் எடுத்தோம். நடிக்க வந்த கல்லூரிப் பெண்ணுக்குச் சிவப்புப் புடவை. விளக்குகளுக்குக் கலர் பேப்பர். கண்ணாடி, இருட்டு, மெதுவாகத் திறக்கும் கதவு. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது லேசாகச் சிரி என்று அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். அக்கா சிரித்ததாகச் சொல்லவில்லை. சிரித்தால் திகிலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மதில் காட்சியையும் எடுத்தோம். இரண்டு பெண்கள், நடுவில் பூசாத ஹாலோபிளாக் சுவர், பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. சாவி கை மாறுகிறது. பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. “இதாம்பா படமே” என்றார். எனக்கோ அது மளிகைக் கடை சிசிடிவியில் பதிந்தது மாதிரி இருந்தது. தூக்கிவிட்டேன். மீன் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, நீல விளக்கு போட்டு, சாவியைத் தண்ணீரில் நழுவவிட்டு ஸ்லோமோஷனில் எடுத்தேன். சுழன்று சுழன்று, குமிழி விட்டுக்கொண்டு அது அடிக்குப் போனது. அன்று அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பாய் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அவங்க சாவிய தண்ணில போடலியே.”

“அர்த்தம் அதேதான் பாய்” என்றேன்.

அடுத்து அவள் குரல். இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் டைம்லைனில் காட்சியை வைத்ததும் செய்கிற முதல் வேலை, கூடவே வந்த சத்தத்தை அழிப்பது. மண்டபத்தில் பதிவாகிற சத்தத்தில் என்ன இருக்கும்? பந்திக்குக் கூப்பிடுவது, குழந்தை அழுவது, மாமன்கள் கத்துவது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போடுவோம். மனிதர்கள் பேசுவது எங்கள் தொழிலில் இரைச்சல். அக்காவின் பேச்சுக்கு நடுவே கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, பழைய இரும்புக்காரன் மைக்கில் கத்திக்கொண்டு போனான். சுத்தம் செய்யலாம்தான், இரண்டு நாள் வேலை. மூன்று நிமிஷம் கேட்டேன். இவள் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறாள், மர்மமே போய்விடுகிறது என்று தோன்றியது. பழகிய விரல் தானாகப் போய் அழித்தது. மேலே இசையைப் போட்டேன். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்பதே உறைக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

ஆவணி பிறந்தது. கல்யாணங்கள் வரிசைகட்டி நின்றன. இடம் போதாமல் லேப்டாப்பில் கிடந்த பழைய பதிவுகளை நீக்கி, மெமரி கார்டுகளை ஃபார்மேட் செய்துகொண்டு ஓடினோம்.

திண்டிவனத்தில் சினிமா ஆர்வலர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடி ஹால் ஒன்றில் குறும்படங்கள் போட்டார்கள். என் படமும் இருந்தது. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாமாவையும் மாமியாரையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். குழந்தை மாமியாருக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தது. “அதுல நானே எல்லாத்தையும் சொல்லிருக்கேன், பொறுமையா கேளுங்க” என்று மாமாவிடம் அவள் சொல்வது என் காதில் விழுந்தது. அப்போதாவது நான் ஓடிப்போய் புரொஜெக்டரை நிறுத்தியிருக்க வேண்டும். நான் ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் குழந்தை அழுதது. சிவப்புப் புடவைக்காரி கதவைப் பூட்டினாள், சிரித்தாள். சாவி தண்ணீருக்குள் இறங்கியது. ஹாலில் கை தட்டினார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து சாவிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் மைக்கை வாங்கி, “அர்த்தத்தை நான் சொல்ல மாட்டேன். பார்க்கிறவர்கள் கையில் விட்டுவிட்டேன்” என்றேன். அதற்கும் தட்டினார்கள். பார்க்கிறவர்கள் வரிசையில் அக்காவின் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்.

படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினாள். அழவில்லை.

“சாவிய அந்த அக்கா கையில குடுத்தேன்னு சொன்னேன் இல்லடா?”

“அது சிம்பாலிக்கா…”

“என் கொரல் எங்க?”

பின்னால் இறங்கி வந்த மாமியார் என் தோளைத் தொட்டார். அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. “நல்லாத்தான் எடுத்திருக்கற தம்பி. அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு எங்களுக்கே இப்பத்தான் கண்ணால பாத்தாப்புல இருக்குது.” மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். அவ்வளவு பெரிய குழந்தையை எதற்குத் தூக்க வேண்டும் என்று அப்போது யோசித்தேன்.

விழுப்புரம் வந்த வேகத்தில் லேப்டாப்பையும் எல்லாக் கார்டுகளையும் நோண்டினேன். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் போட்டேன். அனந்தபுரத்து நிச்சயதார்த்தம் ஒன்று முழுசாக வந்தது, மாப்பிள்ளை மோதிரம் போடுவது மூன்று கோணத்தில். அக்காவின் குரல் ஒரு நொடிகூட வரவில்லை. மறுபடி ஒருமுறை சொல்லக்கா என்று போய் நின்றேன்.

“அன்னிக்கி சொல்லிட்டு ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. இன்னொரு வாட்டி என்னால முடியாதுடா, விட்டுடு” என்றாள்.

பிறகு நானே மாமாவையும் மாமியாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். விளக்கு இல்லை, இசை இல்லை. அவள் சொன்ன வரிசையிலேயே, மதில், பக்கத்து வீட்டுப் பெண், நானே கேட்டாலும் கொடுக்காதே என்றது, எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மாமியார் பாதியில் எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அக்காள விட்டுக் குடுக்காம பேசற. பேசத்தான் வேணும். ஆனா படத்துல அப்பிடி இல்லியே தம்பி? நீயேதான எடுத்த?”

இந்த வருஷம் முழுஆண்டு லீவுக்கு அக்கா விழுப்புரம் வருவதாகப் போன் செய்தாள். பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். முதலில் மாமியார் இறங்கினார், குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. இரண்டு பைகளோடு அக்கா கடைசியில் இறங்கினாள். “அத்தையும் வர்றேன்னாங்க” என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்னால்.

குழந்தை பாட்டியின் கையை உதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது. ரொம்ப நாளாகக் கேட்க வைத்திருந்தது போலிருக்கிறது, வந்ததும் வராததுமாகக் கேட்டது.

“மாமா, உன் படத்துல ரூம்புக்குள்ள ஒரு பாப்பா அழுவுதே, அது நான்தானா?”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியாரும் பார்த்தார். சொல்வதற்கு என்னிடம் முழுக்கதையும் இருந்தது. கேட்கிற ஒரே ஆளும் எதிரில் நின்றது.

“சேச்சே, அது சும்மா சினிமாடா” என்றேன்.

அக்கா கீழே வைத்திருந்த பைகளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.