அத்தானிடம் மிஞ்சிய நாலு வார்த்தை

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வீட்டில் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகையில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. தலைமுடி கறுப்பாக இருந்தபோது போய் நின்றவர், நரைத்த பிறகும் அதே மேசைக்குப் பின்னால்தான் நின்றார். அங்கே வாய் ஓயாது.

அந்த ஹோட்டலில் ஒரு சட்டம் உண்டு. வருகிறவர் எதைச் சொன்னாலும் மொட்டையாக 'சரி' என்றோ 'இல்லை' என்றோ பதில் சொல்லக் கூடாது. சந்தோஷப்பட வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். இதில் அத்தானுக்கென்று ஒரு முறை இருந்தது. குழந்தையைக் காட்டினால் 'லவ்லி'. சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னால் 'மை பிளெஷர்'. போன வருஷம் வந்தவரே மறுபடி வந்தால் 'டிலைட்டட்'. தண்ணீர் வரவில்லை என்று மேசையைத் தட்டிச் சண்டைக்கு வருகிறவருக்கு மட்டும் 'வொண்டர்ஃபுல், உடனே பார்க்கிறேன் சார்'.

"திட்டுறவனுக்குப் போயா அத்தான் அவ்வளவு பெரிய வார்த்தை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் கத்தும்போது பல்லைக் கடிச்சுக்கணும்ல? அந்த வார்த்தையைச் சொல்லிக்கிட்டே கடிச்சா வெளியே தெரியாது" என்றார். என்னிடம் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே எல்லாச் சந்தோஷத்தையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். அக்கா ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். 'ம்' என்பார். புதுப் புடவைக்கும் 'ம்'. மகள் பரீட்சையில் தேறியதற்கும் 'ம்'. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சூட்கேஸ் தூக்கிட்டு வர்றவனுக்கெல்லாம் லவ்லி. கட்டினவளுக்கு ஒரே ஒரு எழுத்தா?"

அக்கா சிரிப்பாள். "போடா. அந்த ஒரு எழுத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்குத்தான் காது மந்தம்."

எனக்கு எல்லா 'ம்'மும் ஒன்றாகத்தான் கேட்டது.

ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. வெகுநாள் கழித்து வாய் திறந்தபோது தமிழ் வரவில்லை, அக்காவின் பெயர் வரவில்லை. 'லவ்லி' என்று வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களுக்கு விளக்கினார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. ஆனால் பதில் சொல்லப் போனால், காலமெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான் வந்து விழும். சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்றார்.

ஆக, மனுஷருக்கு மிஞ்சியது அந்த நாலு வார்த்தை. பசித்தாலும் லவ்லி, கொசு கடித்தாலும் லவ்லி. படுக்கை நனைந்துபோன ஒருநாள், அக்கா வேட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணில் நீர் வழிய "மை பிளெஷர், மை பிளெஷர்" என்றார். பார்க்கச் சகிக்காமல் நான் வெளியே போய்விட்டேன்.

பார்க்க வருகிறவர்கள், "ஆளு முன்னைக்கு இப்ப கலகலன்னு இருக்காரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைப்பாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்: "அந்த 'ம்' போச்சேடா. இப்ப நானும் அவருக்கு ஒரு கஸ்டமர்." அத்தனை வருஷம் கேலி செய்தவன் நான்தானே.

பிறகு ஒருநாள் காலையில் அத்தான் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள், ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளவயது டாக்டர், முகத்தில் களைப்பு.

"என்னம்மா பண்ணுது அவருக்கு?"

"காலையிலேர்ந்து வொண்டர்ஃபுல்னே சொல்லிட்டிருக்கார், டாக்டர்."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லதுதானேம்மா?" அத்தானின் வயிற்றில் கை வைத்து அழுத்தி, "வலிக்குதா சார்?" என்று கேட்டார்.

"வொண்டர்ஃபுல்" என்றார் அத்தான். முகத்தில் அதே வரவேற்பு மேசைச் சிரிப்பு. எனக்கே நம்பத் தோன்றியது.

டாக்டர் கையை எடுத்தார். அக்கா நகரவில்லை. "டாக்டர், அவர் ரொம்ப வலியில இருக்கார். பக்கவாதம் வந்ததுலேர்ந்து ஹோட்டல்ல சொல்லிப் பழகின நாலு வார்த்தைதான் வாயில வருது. ஹோட்டல்ல அவரை நிக்கவெச்சுத் திட்டுவாங்க. அப்ப மட்டும்தான் இந்த வார்த்தையைச் சொல்வார். படுத்த நாளா இன்னிக்குத்தான் இதைச் சொல்றார். இடது கையைப் பாருங்க."

இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நல்ல டாக்டர் அவர். மறுபேச்சுப் பேசாமல் ஸ்கேனுக்கு அனுப்பினார். பித்தப்பை சீழ் பிடித்து வெடிக்கிற நிலையில் இருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். கதவு மூடியதும் அக்கா என் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். "நான் கூட இல்லாம வேற யாராவது கூட்டிட்டு வந்திருந்தா, சிரிச்சுக்கிட்டே போயிருப்பார்டா."

மறுநாள் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். அத்தான் மெல்லக் கண் திறந்து, "டிலைட்டட்" என்றார். டாக்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களை அடையாளம் தெரியுதுன்னு சொல்றார்" என்றாள் அக்கா.

டாக்டர் போன பிறகு, வெந்நீரை ஆற்றி ஒரு ஸ்பூன் அத்தான் வாயில் விட்டாள். அவர் விழுங்கினார். அடுத்து 'லவ்லி' வரும் என்று நான் காத்திருந்தேன்.

"ம்" என்றார்.

அக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு ஸ்பூனை மறுபடி நிரப்பி, "இன்னும் ஒரு வாய்?" என்று கேட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்."

முதல் 'ம்' வேறு, இது வேறு. எனக்கே கேட்டது.